பனமலையில் கை நனைத்தேன்

போன வருஷம் தை மாதம், என் மகளுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கப் பனமலைக்குப் போனேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செஞ்சி கடைத்தெருவில் மோட்டார், பைப்பு விற்கிற கடை என்னுடையது. பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு முடித்துக்கொண்டவன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அடி வாங்கித் தொழில் கற்றேன். கோட்டைக்கு வழி தெரியாதவன்கூட என் கடைக்கு வழி சொல்வான். சாப்பாட்டுக்கென்று நான் வேலையை விட்டு எழுந்ததே கிடையாது. இடது கையில் ஸ்பேனர், வலது கையில் சோறு. அப்படி வளர்ந்த கடை அது.

தரகர் கொண்டுவந்த ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் இன்ஜினீயர். சென்னைக்குப் பக்கத்தில் பம்பு செய்கிற கம்பெனியில் நிலையான வேலை. மகளும் அவனும் போனில் பேசிப் பிடித்தும் போயிற்று. எல்லாம் கூடி வந்த நேரத்தில், பையன் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டான் என்று சேதி வந்தது. விவசாயிகளுக்கு மோட்டாரைப் பற்றிச் சொல்லி நெட்டில் வீடியோ போடுகிறானாம். இனி அதுதான் பிழைப்பாம்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. மாதச் சம்பளத்தை விட்டது ஒரு பக்கம். நான் ஆயுசு முழுக்கக் கற்ற தொழிலை, இவன் ஊருக்கெல்லாம் சும்மா ஒப்பிக்கிறானே என்பது இன்னொரு பக்கம்.

"வீடியோ போடறவனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது" என்றேன்.

என் மனைவி அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள். "நீங்க மட்டும் இன்னா கலெக்டர் ஆபீஸ்லயா இருந்தீங்க, எங்க நைனா பொண்ணு குடுத்தாரு?"

மகள் வாதாடவில்லை. "நேர்ல ஒரு தபா பாத்துட்டு வேணாம்னு சொல்லு நைனா. அப்புறம் நான் அவர் போனக்கூட எடுக்கமாட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அதுதான் என்னை உறுத்தியது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சோறு தின்று கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு மாறக் கூடாது. துணைக்கு வந்த என் மச்சான், வண்டியில் ஏறும்போதே, "மாமா, கொழம்பு வாசன வந்தா மூக்க மூடிக்க" என்றான். "யாரப் பாத்துடா சொல்ற" என்றேன்.

ஏரிக்குப் பக்கத்தில் சின்ன வீடு. பையனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். காபி குடித்தோம். சாப்பிட எழுந்திருக்கச் சொன்னார் அந்த அம்மாள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அர்த்தம் தெரியாதவரா?

"நீங்க சாப்டாட்டி போவுது. எம்புள்ள காலைல இருந்து பட்டினி" என்று மகனுக்கு ஒரு தட்டில் சோறும் சாம்பாரும் போட்டு, எங்கள் நடுவில் இருந்த மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, நீ நல்ல பையன்தான்" என்று ஆரம்பித்தேன். அவன் போன் அடித்தது. வீடியோவில் ஒரு பெண்மணி. திருவண்ணாமலைப் பக்கமாம்.

"தம்பி, உன் வீடியோ பாத்துத்தான் கூப்புடறேன். மோட்டார் ஓடுது, தண்ணி வரல. நடவு காயுது. மெக்கானிக்கு நாளைக்குன்றான். த்ரீ பேஸ் கரண்ட் இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கும்."

"பேஸ் ஒண்ணு போயிருக்கும். பியூஸப் பாக்கச் சொல்லு" என்றேன் அதிகாரமாக.

அவன் போனை என் காதருகே பிடித்தான். "சத்தத்தக் கேளுங்க ஐயா. பேஸ் போனா உறுமும். இது காத்த இழுக்குது. கம்பெனில எனக்கு டெஸ்டிங் வேலைதான்."

கேட்டேன். அவன் சொன்னதுதான் சரி. மோட்டார் சத்தத்தை வைத்து நோய் சொல்வதில் செஞ்சியில் எனக்கு நிகரில்லை. ஆனால் போனுக்குள்ளிருந்து வருகிற சத்தத்தில் எனக்கே அது முதலில் பிடிபடவில்லை.

"அம்மா, மொதல்ல மெயின ஆப் பண்ணிட்டு எனக்குக் காட்டுங்க" என்றான். காட்டிய பிறகுதான் அடுத்த வார்த்தை பேசினான். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில், தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துவைக்கிற வால்வு ஒன்று உண்டு. அது கசிந்தால் குழாயில் காற்று ஏறிவிடும். பம்பின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னான். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தது.

"நிக்கவே மாட்டுது தம்பி." அந்தப் பெண்மணியின் குரல் உடைந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. போனை என் பக்கம் இழுத்து, "வூட்ல மாடு இருக்குதாம்மா? சாணியக் கரைச்சு ஊத்து, கசிவ அடைச்சிக்கும்" என்றேன்.

"ஆமாம்மா, ஐயா சொல்றபடி செய்ங்க. வைக்கோல் இல்லாம வடிகட்டிக்குங்க" என்றான் அவன்.

அவர் ஓடினார், கரைத்தார், ஊற்றினார். நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்துகிடந்தோம். இந்தத் தடவை இறங்காமல் நின்றது. மூடியை முறுக்கி, சுவிட்சைப் போட்டார். குழாய் இருமியது. பழுப்பாகக் கொஞ்சம் துப்பியது. அப்புறம் குழாயின் வாய் நிறையத் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது.

அந்தப் பெண்மணி அழுதுகொண்டே சிரித்தார். "நல்லா இருப்பீங்க. பக்கத்துல யாரு தம்பி, உங்க நைனாவா?"

பையன் என்னைப் பார்த்தான். மச்சான் என் தோளைத் தொட்டான். "மாமா, கையப் பாரு."

என் வலது கை பையனின் தட்டில் இருந்தது. பாதிச் சோறு காலி. அந்த அம்மாள் ரசக் கிண்ணியோடு கதவோரம் அசையாமல் நின்றிருந்தார்.

"தெரியாம சாப்ட்டது கணக்குல சேராது மாமா" என்று காதில் சொன்னான் மச்சான்.

எழுந்திருக்கலாம்தான். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் பெண் கொடுக்க வந்தவனைக் காக்கவைத்துவிட்டு, முன்பின் தெரியாதவருடைய காய்கிற வயலைப் பார்த்தானே. என் கடையிலும் அதுதான் சட்டம். காரில் வருகிறவன் நிற்பான், நடவு காய்கிறவனுக்குத்தான் முதல் கவனிப்பு.

"கொஞ்சம் ரசம் ஊத்துங்கம்மா" என்றேன்.

பையன் போனைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "என் மாமனார்ம்மா."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அவன் வருமானம் ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் இறங்குகிறது. இறங்குகிற மாதங்களில், வேலைக்குப் போகிற மகளின் சம்பளத்தில் வீடு நடக்கிறது. அவள் முகத்தில் வாட்டமில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடையிலேயே படம் பிடிக்கிறான். நான் வருகிற வீடியோவைத்தான் நிறையப் பேர் பார்க்கிறார்களாம். அது நான் எதிர்பார்த்ததுதான்.

மாதச் சம்பளம் இல்லாதவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாமா என்கிற என் கேள்விக்கு எங்கோ ஒரு தொட்டியில் விழுந்த தண்ணீர் பதில் சொன்னது. இன்றைக்கும் கடையில் சோற்றில் கை வைக்கும்போது அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் கேட்கிறது.