காலணியை வெளியே விடவும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். தரை அழுக்கானால் இன்னும் சீக்கிரம் வரும். வேலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சந்தில், வீடில்லாதவர்களுக்கான பகல் நேர மையம் ஒன்றில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம். குளிக்கலாம், துணி துவைக்கலாம். பத்து மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சோறு, புண் இருந்தால் கட்டுப் போட்டுவிடுவோம். சாயங்காலம் பூட்டிவிட்டு நான் சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர்கள் எங்கே போவார்கள் என்று ரொம்ப யோசிப்பதில்லை. யோசித்தால் மறுநாள் வேலைக்கு வர முடியாது.

போன கோடை தொடங்கும்போது ஒரு நல்ல மனிதர் எங்களுக்கு வெள்ளை டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். அதுவரை பெயர்ந்த சிமெண்டுத் தரை, யார் எதை மிதித்துவிட்டு வந்தாலும் தெரியாது. வெள்ளைத் தரையில் எல்லாம் தெரிந்தது. கூட்டுவதும் துடைப்பதும் நான்தான். இரண்டே நாளில் ஓர் அட்டையில் 'காலணியை வெளியே விடவும்' என்று எழுதி வாசலில் மாட்டினேன். இதில் தப்பு இருக்கும் என்று தோன்றவேயில்லை. நம் ஊரில் யார் வீட்டுக்குள் செருப்போடு போகிறோம்? சிலர் கழற்றி, கவரில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். அதையும் வெளியே வைக்கச் சொன்னேன். கூட்டம் கம்மியானபோது பழியை வெயிலின் மேல் போட்டேன்.

ஒருவர் மட்டும் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர். வேலை போய், குடும்பமும் விட்டுப்போய், இங்கே வந்து சேர்ந்தவர். அவருக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் மருந்து வைத்துக் கட்டுவேன். கட்டுகிற நேரத்தில் கூட ஷூ இரண்டும் அவர் மடியில் இருக்கும். கட்டு தவறினால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று மையத்துக்கு அவ்வப்போது வரும் நர்ஸ் எங்கள் இருவர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"இது கூடவே இருக்கட்டும்மா" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்தாண்ணா. உங்களுக்கு மட்டும் தனியா இன்னா?"

அவர் வாசலில் நின்றபடியே டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கொடுத்தார், போய்விட்டார். பிகு பண்ணுகிறார், இரண்டு நாளில் தானாக வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஐந்தாம் நாள், எங்கள் மையத்துக்கு வந்து போகும் பழைய பேப்பர் பொறுக்கும் அக்காவிடம், "அவருக்கு இன்னா அவ்ளோ பிடிவாதம்?" என்று அலுத்துக்கொண்டேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் செருப்பு காணாம போனா வூட்டுல வேற ஒண்ணு கீது. எங்களுக்கு? தூங்கறப்போ கூட தலைக்கு அடியில வெச்சிக்கினு தூங்கறோம். இந்த வெயில்ல தார் ரோட்டுல வெறுங்கால்ல நடந்து பாரேன். அதுவும் புண்ணுக் காலு."

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. சர்க்கரைக்காரருக்குக் கால் எவ்வளவு முக்கியம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். அன்றைக்கே அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஆனால் அவர் வந்தால்தானே? கோட்டைப் பூங்கா, மேம்பாலத்தடி, பேருந்து நிலையம் என்று வேலைக்கு நடுவே தேடினேன். இன்னும் ஒரு வாரம் போயிற்று. கடைசியில் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே, ஒரு சுவர் நிழலில் படுத்திருந்தார். உடம்பு கொதித்தது. ஷூவைக் கழற்றும் முன்பே நாற்றம் வந்தது. நான் கடைசியாகக் கட்டிய கட்டே இன்னும் இருந்தது, கறுத்துப்போய்.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா மருந்துலயே ஆறியிருக்கும்" என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் கட்டிலருகே போய், "என் தப்புதாண்ணா. நான்தான் உங்களத் துரத்தினேன்" என்றேன்.

"நீ எங்க துரத்துன? செருப்பத்தான வெளிய வுட சொன்ன" என்றார். "கம்பெனியில கூட ரூல்ஸ் இருந்துச்சு. கழுத்தப் புடிச்சா வெளிய தள்ளுனாங்க? ரூல்ஸ் சொல்லித்தான் அனுப்புனாங்க."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மருத்துவமனையிலிருந்து விட்டதும் அவர் நேராக மையத்துக்குத்தான் வந்தார். சோற்று நேரம். வலது கால் முழுக்கக் கட்டு, இடது காலில் ஷூ, இன்னொரு ஷூ கையில். வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து, கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"போட்டுக்கினே வாங்கண்ணா. அட்டையெல்லாம் எடுத்தாச்சு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இடது ஷூவையும் கழற்றினார். இரண்டையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் வெச்சிக்கோம்மா. சாப்ட்டு வாங்கிக்கிறேன்."

வாங்கிக்கொண்டேன். உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துத் தட்டு போடச் சொன்னேன். நான் அவருக்குப் பின்னால், ஷூவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். யாரோ கூப்பிட்டார்கள், போன் அடித்தது, எழுந்திருக்கவில்லை. அவர் நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார். ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.