சந்தையில் ஒருத்தி, உடப்பில் ஒருத்தி

சிலாபச் சந்தையில் கருவாடு விற்கும் ஞானேஸ்வரியின் சிங்களத்தைக் கேட்டால், பக்கத்துத் தமிழ் ஊரான உடப்பைச் சேர்ந்தவள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பக்கத்துக் கடை யூஜினியிடம் காதால் கேட்டுப் பிடித்த சிங்களம் அது. யூஜினி கத்தோலிக்கச் சிங்களத்தி. அதனால் விலை பேசுகிற பேச்சோடு சேர்ந்து "ஜேசு மரியே"யும் ஞானேஸ்வரியின் வாயில் ஒட்டிக்கொண்டது. வாங்க வருகிறவர்கள் அவளையும் யூஜினியைப் போல வேதக்காரச் சிங்களத்தி என்றே நினைத்தார்கள். அவளும் இல்லையென்று சொல்லப் போகவில்லை. கலவரக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். தமிழ் என்று தெரிந்தால் வாடிக்கை போய்விடுமோ என்ற பயம். பஸ்ஸிலேயே பொட்டை அழித்துவிடுவாள்.

ஆனால் வீடு எது, சந்தை எது என்று வாய்க்குத் தெரிகிறதா? போன மாதம் அம்மன் கோவில் வாசலில் கால் தடக்கியபோது, "ஜேசு மரியே" என்று கத்திவிட்டாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 'அப்ப நான் ஆர்?' என்ற கேள்வி அன்று முழுக்க அவளை விடவில்லை.

இந்த ஆடியில் வகையாக மாட்டிக்கொண்டாள். மகள் தக்ஷாயினி காய்ச்சலில் கிடந்தபோது, தான் தீ மிதிப்பதாக அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். விரதக் காப்புக் கட்டினால் மீன், மச்சம் எதுவும் தொடக்கூடாது. கருவாட்டுக்காரி கடையைப் பூட்டத்தான் வேண்டும்.

"நங்கி, வாற கிழமை முழுக்கக் கடை இல்லையாம். சுகமில்லையோ?" என்று தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார், நெடுநாள் வாடிக்கையான பள்ளிக்கூட ரீச்சர்.

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அம்மனுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, அந்த அம்மனையே மறைப்பதா?

"இல்ல மிஸ். நான் உடப்பு. தமிழ். தீ மிதிக்கப் போறன்." சிங்களத்திலேயே சொன்னாள்.

ரீச்சர் கருவாட்டிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "அப்ப இந்தச் சேர்ச்சுச் சிங்களம்?"

யூஜினி தன் கடையிலிருந்தே பதில் சொன்னாள். "அது என்ட சிங்களம் மிஸ். எங்கட அம்மாவும் சிங்களத்திதான், ஆனா அந்தக் காலத்துச் சேர்ச்சில பழகின செபம் அவவுக்குச் சாகுமட்டும் தமிழிலதான் வந்தது. அதால அவ சிங்களத்தி இல்லையெண்டு ஆகுமா? இவளும் அப்பிடித்தான்."

ரீச்சர் சிரித்துவிட்டார். "ரெண்டு கிழமைக்குப் போதுமான கருவாட்டைக் கட்டு. தீமிதிப்புக்கு நானும் வாறன். அங்க என்ன நடக்குது எண்டு நீதான் எனக்குச் சொல்லோணும்."

ஞானேஸ்வரிக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடம் ஒளிந்துகொள்ள உதவிய சிங்களத்தில், கருவாட்டைக் கட்டிக்கொண்டே அம்மனின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். பாதிக் கதையில் இன்னொருத்தி வந்து, எந்த ஊர்க் கருவாடு என்று கேட்டாள்.

"உடப்பு," என்றாள் ஞானேஸ்வரி. "எங்கட ஊர்."