ஒரு படகுக்கு மட்டும்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில், கடலுக்குப் போன படகுகளைக் கணினியில் கண்காணிக்கும் ஓர் அலுவலகத்தில்தான் அவரைப் பார்த்தேன். அங்குள்ள நிரல் ஓடும் ஜாவா என்ற கணினி மொழியின் புதிய பதிப்பை நிறுவச் சென்னையிலிருந்து போயிருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், சட்டைப் பையில் ஜெபமாலை. திரையில் ஒரு படகின் பச்சைப் புள்ளி கரையைத் தொட்டால் போதும், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு “வந்துட்டாவ” என்று முணுமுணுப்பார்.

புதிய பதிப்பில் என்ன விசேஷம் என்று கேட்டார். பழையதில் ஒரு படகின் சிக்னலுக்காகக் காத்திருப்பதே கணினிக்குச் சுமை. அதனால் ஒரு நாள் பார்த்துவிட்டு நிரல் அந்தப் படகைக் கைவிட்டுவிடும். இனி ஆயிரம் படகுகளுக்குக் காத்திருந்தாலும் சுமையே தெரியாது என்றேன்.

திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

“அப்பம் ஒரு படகுக்கு மட்டும் கெடு வைக்காம விட்டுரலாமா?”

“எந்தப் படகு?”

“புன்னக்காயல் படகு. போன ஐப்பசில போச்சு, இன்னும் வரல.”

அப்போது ஆவணி. “இனிமே அது எப்படி சார்…” என்று இழுத்தேன்.

“காத்துக் கெடக்கதுல ஒரு சொமயும் இல்லன்னு நீங்கதான சொன்னிய?”

அப்படியே செய்துகொடுத்தேன்.

அவர் இப்போது அங்கே இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் நேற்று போனில் கேட்டார்: “ஒரு படகுக்காகக் காத்திருக்கிறது மட்டும் முடியாம ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்திரலாமா?”

வேண்டாம் என்றேன். நிறுத்தினால் அந்தப் படகு அன்றைக்குத்தான் மூழ்கும் என்று எனக்குப் பட்டது.