பொலிக்ரோனிஸ் வீட்டுப் பெயரில்லாத பிள்ளை

எங்கள் மலையில் ஆடு திருடியவனுக்குப் பெண் கொடுப்பார்கள். போலீசுக்குப் போனவனுக்கு ஒரு வாய் காபி கொடுக்க மாட்டார்கள். கிரேக்கத்தின் கிரீட் தீவில், இதே மலையில் பிறந்த பொலிக்ரோனிசுக்கும் இது தெரியும். ஆனால் அவன் ஜெர்மனியில் ஒரு டயர் தொழிற்சாலையில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே அவன் சைக்கிள் காணாமல் போனபோது போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போய், மூன்றாம் நாள் சைக்கிளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாராம். அந்தப் பழக்கதோஷம்தான் அவனைக் கெடுத்தது. ஊர் திரும்பிய இரண்டாம் வருஷம், பட்டியில் பத்தொன்பது செம்மறிகளைக் காணாத காலையில், யாரிடமும் கேட்காமல் மலையிறங்கிப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவன் திரும்பி வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. காபிக்கடையில் அவன் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜை காலியானது.

"அடுப்பு அணைஞ்சிருச்சு, ஜெர்மன்காரரே," என்றார் கடைக்காரர். அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

எடுத்தது யார் என்பது ஊருக்கே தெரியும். அடுத்த முகட்டில் பட்டி வைத்திருக்கும் வார்திஸ். முறைப்படி செய்வதென்றால் நடுவர் ஒருவரைப் பிடித்து, வார்திசைப் புனித யோர்கியார் கோயிலுக்குச் சத்தியம் செய்ய அழைத்திருக்க வேண்டும். கோர்ட்டில் வேதப்புத்தகத்தில் கை வைத்து எங்கள் ஆட்கள் சொல்லாத பொய் இல்லை. யோர்கியார் படத்தில் கை வைத்து மட்டும் ஒருவனும் பொய் சொல்ல மாட்டான். சாமிக்குப் பயப்படுகிறவர்கள்தான், ஆனால் எந்தச் சாமிக்கு என்பதில் கறாரானவர்கள்.

பொலிக்ரோனிசின் மனைவி அனெசினா கைக்குழந்தைக்காரி. பகை முற்றினால் நாளைக்குத் துப்பாக்கி பேசும் என்று அழுது, பாதிரியாரை நடுவராகப் பிடித்தாள். கோயிலில் வார்திஸ் கையைத் தூக்கினான், படத்தைத் தொடவில்லை.

"நான்தான் எடுத்தேன், மச்சான். ரெண்டு வருஷமா நீ எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. வேற எப்படித்தான் உங்கூடப் பழகறது?"

பொலிக்ரோனிசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தின்றதுபோக மிச்சமிருந்த ஆடுகள் திரும்பின. தின்றதற்குப் பதில் ஆடும் வந்தது. சமாதானம் நிலைக்க ஒரு முடிச்சு வேண்டுமே? குழந்தைக்கு வார்திஸ் ஞானத்தகப்பன் என்று முடிவானது. ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தகப்பன் வாய் திறந்து சொல்லும்வரை எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது. அதுவரை வெறும் பாப்பாதான். ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு என்று நாளும் குறித்தார்கள்.

ஊர் மறந்துவிட்டது, காகிதம் மறக்கவில்லை. ஈஸ்டருக்கு முன்பே கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தான் பொலிக்ரோனிஸ். ஆடு திருட்டு அரசாங்கத்தின் வழக்கு, உங்கள் வழக்கு இல்லை என்றுவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் வார்திஸ் சிறைக்குப் போவான். சமாதானமும் போகும், பிள்ளையின் பெயரும் போகும். ஆகவே அவன் வேதப்புத்தகத்தில் கை வைத்து, என் ஆடு எதுவும் காணாமல் போகவில்லை, எண்ணியதில் பிசகு என்றான்.

"ஒண்ணு புகார் பொய், இல்ல சாட்சி பொய்," என்றார் நீதிபதி. "எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

எண்ணியதில் பிசகு என்றே பொலிக்ரோனிஸ் மறுபடியும் சொன்னான். பொய்க்கு நாலு மாதம் போட்டார் நீதிபதி. ஞானஸ்நானம் தள்ளிப்போனது. ஆட்டைப் பறிகொடுத்தவன் உள்ளே போனான். எடுத்தவன் பார்வையாளர் பெஞ்சில் தொப்பியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிறையில் அவனோடு ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ராணுவ ஆட்சிக்கு எதிரான துண்டுப்பிரசுரம் வைத்திருந்த குற்றம். ஜூலைக் கடைசியில் ஏதென்சில் ராணுவ ஆட்சி கவிழ்ந்தது. அந்த வாரமே ஆசிரியரை மரியாதையாக வெளியே அனுப்பினார்கள், வார்டன் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பொலிக்ரோனிஸ் அதைப் பார்த்துக் குழம்பிப்போனான். அரசாங்கத்தின் குற்றம் ராத்திரியோடு ராத்திரியாக மாறுகிறது, மலையின் குற்றம் மாறவே மாறாது. இரண்டையும் தள்ளிவிட்டால் தனக்கென்று என்ன மிஞ்சும் என்று யோசித்தான். பட்டியில் நின்று திரும்பத் திரும்ப எண்ணிய அந்தக் காலை ஒன்றுதான் மிஞ்சியது.

விடுதலையாகி வந்தபோது காபிக்கடையில் அவன் முன்னால் மூன்று கோப்பை வைத்தார்கள். அவன் மந்தையை வார்திஸ்தான் மேய்த்திருந்தான். பட்டிக்குப் போய் எண்ணினால் பதினாலு ஆடு கூடுதல். பதினாலிலும் சொந்தக்காரனைக் காட்டும் காதுக் குறி புதிதாக வெட்டப்பட்டு, புண் ஆறாமல் இருந்தது.

"எனக்காக ஜெயிலுக்குப் போனவன் நீ. வெறுங்கையோட ஞானத்தகப்பனா வருவேனா?" என்றான் வார்திஸ்.

பொலிக்ரோனிசுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

"இதுங்களோட ஆளும் ஒரு காலையில பட்டியில நின்னு எண்ணியிருப்பான்ல, வார்திஸ்?"

வார்திஸ் பட்டிக் கதவைத் திறந்து பதினாலையும் பிரித்தான். தடியை எடுத்துக்கொண்டான்.

பட்டப்பகலில், ஊர் நடுவே, திருடிய ஆட்டை ஓட்டிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எங்கள் ஊர் அதற்குமுன் கண்டதில்லை. காபிக்கடையே வாசலுக்கு வந்து பார்த்தது. ஆடுகள் சமவெளியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு கிழவருடையவை. எங்கள் முறையெல்லாம் அவருக்குச் செல்லாது. காதுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, எடுத்தது யார் என்று கேட்டார். பொலிக்ரோனிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். யோர்கியார் படம் அங்கே இல்லை. ஆனாலும் வார்திஸ் முந்திக்கொண்டு, நான்தான் என்றான். சமாதானத்துக்கு வழியுண்டா என்றும் கேட்டான்.

"எங்க வீட்ல ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை எதுவும் இல்லப்பா," என்றார் கிழவர். "டெலிபோன்தான் இருக்கு."

அதே நீதிபதி. கேட்ட கேள்விக்கு வார்திஸ் மறுபடி நான்தான் என்றான். எட்டு மாதம். அவன் திருடியதை ஊர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பொலிக்ரோனிஸ் பொய் சொன்னதைக் கொண்டாடியது. கோர்ட்டில் உண்மையை ஒப்புக்கொண்டதைத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து மன்னிக்கவில்லை. கடையில் அடுப்பு மறுபடி அணைந்தது.

வேறு யாரையாவது வைத்துப் பெயர் வைத்துவிடலாம், பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிட்டாள் என்று அனெசினா சண்டை போட்டாள். பொலிக்ரோனிஸ் அசையவில்லை. வார்திசின் மந்தையை அவன் மேய்த்தான். எட்டு மாதம் கழித்து ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல் ஒப்படைத்தான்.

ஞானஸ்நானத்துக்கு ஊரில் பாதிப்பேர் வரவில்லை. இரண்டு வயதை நெருங்கிய பிள்ளை, யாரும் தூக்காமல், தன் காலாலேயே தொட்டிக்கு நடந்து போனாள். பாதிரியார் பெயர் கேட்டார். "கரிஃபலியா," என்றான் வார்திஸ்.

யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.