ரொட்டியால் அழித்த பெயர்கள்

செவ்வாய்க்கிழமை காலை, சூலே புத்தர்கோயில் பக்கம் பஸ் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது சண்முகம் அண்ணனின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு சித்தப்பா." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஐயோ, அந்த ஆறு பெயர்கள் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

இந்தப் பர்மிய நகரத்தின் கியாக்டடா பேட்டையில் ஓர் அச்சகத்தில் இருபது ஆண்டுகள் எதிரெதிர் மேசையில் வேலை செய்தோம். நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு கிழிந்த படப்புத்தகம் அவருக்கு உயிர். நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த நாடகக்காரர்கள் அதில் இருந்தார்கள்: கொக்கிமூக்கு முகமூடிக் கிழவன், ஒட்டுப்போட்ட சட்டைக் கோமாளி. பாதிப் படங்களின் கீழே 'யாரோ ஒரு நடிகர்' என்றுதான் இருக்கும். அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கட்டுன வேஷம் தெரியுது, கட்டுனவன் பேரைக் காணோமே மணி!" அதனால் தன் நோட்டில் வரையும் ஒவ்வொரு கூத்தாடியின் பெயரையும் படத்தின் கீழே பென்சிலால் எழுதிவிடுவார்.

மாவ்பி ஊரில் பயா என்னும் புத்தர்கோயில் திருவிழாவில் ஒரு பர்மியக் கூத்துக்குழுவின் பன்னிரண்டு பேரையும் வரைந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பும்போது பின்சீட்டில் ஒரே பேச்சு. மேடையில் சொன்ன கேலி மேலிடத்தில் யாருக்கோ சுட்டுவிட்டதாம், குழுவைத் தேடுகிறார்களாம், வழியில் சோதனையாம். முகமெல்லாம் பூச்சும் வேஷமும்தான். ஆனால் காட்டிக்கொடுக்கப் பெயர் போதுமே! அண்ணன் காலைச் சாப்பாட்டு ரொட்டியைப் பிய்த்தார்.

"அந்தக் காலத்து ஓவியருக்கு ரப்பர் ஏது? இதான். முதல் ஆறு பேர் உனக்கு, மிச்ச ஆறு எனக்கு. மனசுல ஏத்திக்க."

பிசைந்து பிசைந்து தேய்த்தார். கடைசிப் பெயர் அழியும்போது பஸ் நின்றுவிட்டது. கறுத்த ரொட்டியை வாயில் போட்டு மென்றபடியே நோட்டை நீட்டினார். துப்பாக்கிக்காரர் ஒருமுறை புரட்டினார், மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். யார் இவர்கள் என்று பர்மியில் கேட்டார்.

"யாரோ நடிகருங்க" என்று அதே மொழியில் சிரித்தபடி சொன்னார் அண்ணன். அந்த வார்த்தை ரொட்டியைவிடக் கசந்திருக்கும்.

அதன்பிறகு பெயர்களை வாய்விட்டுச் சொல்ல இருவருக்குமே பயம். போன மாதம் ஆஸ்பத்திரியில் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்கிட்ட இருக்கிற ஆறையும் கேட்டுக்க மணி." பக்கத்துக் கட்டிலைச் சுற்றி முன்பின் தெரியாத ஆட்கள். நான் பயந்தாங்கொள்ளி. "நாளைக்குண்ணே" என்றேன். மறுநாள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது, எழுதக் கையும் எழவில்லை.

அவரை அறிந்தவர்களே, நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் புரட்டி, ஆறு பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். ஏழாவது படத்தில் மத்தளத்தோடு ஒரு பெண் சிரிக்கிறாள். இவள் யார் என்று நீங்கள் கேட்டால், அன்று அந்தக் குழுவின் உயிரைக் காக்க அண்ணன் சொன்னதை நான் வேறு வழியில்லாமல் சொல்ல வேண்டும்: யாரோ ஒரு நடிகர்.