சுண்டிக்குளத்து மணலில் சொன்ன பெயர்

முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இஞ்சாருங்கோ" என்றால் திரும்பிப் பார்ப்பார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. நான் பருத்தித்துறையில் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், அவர் தென்மராட்சிச் சைவம். கல்யாணத்தின்போது தாலியிலிருந்து சாப்பாடு வரை இரண்டு பகுதியும் சண்டை பிடித்தார்கள். பெண்சாதி வாயால் புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கதைதான்.

அவர் புவியியல் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகு பறவைப் பைத்தியம் பிடித்தது. கனடாவிலிருந்து மகள் ஒரு பைனாகுலர் அனுப்பிவைத்து அதை இன்னும் முற்ற வைத்தாள். போன மாசியில், சுண்டிக்குளத்துக்குப் பூநாரை பார்க்கப் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தனியாக விட எனக்கு மனமில்லை. அவருக்குச் சீனி வருத்தம். ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், அதற்கு மேலே போனால் ஆள் மயங்கிவிடுவார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அப்படிக் கிடந்தவர். அன்றிலிருந்து என் கைப்பையில் இனிப்பு டொபி இல்லாமல் நான் சந்தைக்குக்கூடப் போவதில்லை.

பூங்கா என்று பலகைதான் இருக்கிறது. உள்ளே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீரேரி, நடுவில் மணல்மேடும் பனை வடலியும் பற்றையும். ஓட்டோக்காரர் றோட்டு முடிகிற இடத்தில் எங்களை இறக்கினார்.

"ஐயா, பொழுதுபடமுன்னம் வந்திடுங்கோ. உங்காலை ஆக்கள் ஒருத்தரும் இல்லை," என்றார்.

ஏரிக்கரையோரம் ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். வழியில் சுனாமி கொண்டுபோன வீடுகளின் அத்திவாரங்கள் வந்தன. சுவர் இல்லை, கூரை இல்லை, படிகள் மட்டும் மணலுக்குள் ஏறிப்போய் நின்றன. ஒரு கிணறு வாய்வரை மணலால் மூடிக் கிடந்தது. அதன் கட்டருகே என் செருப்பு வார் அறுந்தது.

"நீர் இதிலை இரும். அந்த வளைவு மட்டும் போய்ப் பாத்திட்டு வாறன். பத்து நிமிசம்."

"டொபியைக் கொண்டு போங்கோ. மத்தியானம் புட்டிலை பாதியை வைச்சிட்டு வந்தனீங்கள்."

"பத்து நிமிசத்துக்கு ஏனப்பா டொபி?"

பைனாகுலரை மட்டும் மாட்டிக்கொண்டு போனார். நானும் கோபத்தில் விட்டுவிட்டேன். அந்தக் கோபத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரை மணித்தியாலம் போயிற்று. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டேன். எதிர்க்காற்று சத்தத்தை என் வாயிலேயே திருப்பிப் போட்டது. அப்போதுதான் கடற்பக்கம் ஆட்காட்டிக் குருவி கத்தியது. ஆள் நடந்தால் கத்துகிற குருவி அது. அப்பாடா, வருகிறார் என்று வெறுங்காலோடு அந்தப் பக்கம் ஓடினேன். குருவி எழும்பிய இடத்தில் மணல் விரித்த சீலைபோல இருந்தது. ஒரு காலடிகூட இல்லை.

திரும்பி ஏரிக்கரைக்கு வந்து அவர் தடத்தைப் பிடித்தேன். ஈரச் சேற்றில் சப்பாத்து அடி வடிவாகத் தெரிந்தது. வளைவுக்குக் கிட்ட ஓரிடத்தில் இரண்டு பாதமும் பக்கம் பக்கமாகப் பதிந்திருந்தன. நின்றிருக்கிறார். பிறகு பூநாரை நின்ற பக்கத்தை விட்டுவிட்டு, தடம் கடற்பக்க மேட்டில் ஏறியது. பறவை பார்க்க வந்த மனுஷனுக்கு அங்கே என்ன வேலை? மேட்டின் காய்ந்த மணலில் காற்று எல்லாவற்றையும் மூடியிருந்தது.

மேட்டுக்கு மேலே தாழம்பற்றைகள். வெயில் மஞ்சளாகிவிட்டது. திரும்பவும் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட வாயெடுத்தேன், முடியவில்லை. பேய் பிசாசெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனாலும் மணலுக்குள் வீடுகள் கிடக்கிற அந்த இடத்தில் ஆருக்கென்று இல்லாமல் கூப்பிட்டால், ஆர் "ஓம்" என்று எழும்பி வருவார்கள்? எனக்கு ஒருவர்தான் வேண்டும். அவர் பெயரைச் சொன்னேன். முழுப்பெயரையும், தொண்டை கிழிய. என் காதுக்கே அது வேறு ஆரோ ஒருத்தியின் சத்தமாகக் கேட்டது. இன்னொருதரம் கூப்பிட்டேன்.

பதில் இல்லை. காற்றும் விழுந்துவிட்டது. கர்த்தரே, இந்த மனுஷனை என்னட்டைத் தந்துவிடும் என்று மணலில் இருந்துவிட்டேன். அழுகையோடு அழுகையாக, நினைக்காமலே வந்தது: "இஞ்சாருங்கோ, எங்கையப்பா நிக்கிறியள்?"

"ஓம்... இஞ்சை."

பத்தடி தூரமும் இல்லை. தாழைக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். சேட்டு தொப்பலாக நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது, கை நடுங்கியது. இரண்டு டொபியை வாயில் திணித்தேன். அவை கரைந்து, முகத்தில் ரத்தம் வந்து, தண்ணீரும் குடித்த பிறகுதான் நான் பேசத் தொடங்கினேன்.

"பக்கத்திலை நிண்டு தொண்டை கிழியக் கத்திறன். வாய் திறந்தால் என்ன?"

"ஆரோ பொம்பிளை என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுது. தனி இடத்திலை முகம் தெரியாமல் பேருக்கு ஓம் போடக்கூடாது. அது எங்கடை வீட்டுப் பழக்கம். நீர் எண்டால் பேர் சொல்லமாட்டீர்தானே."

"ஐயோ, அது நான்தான்!"

அவர் என்னை நம்பாத மாதிரிப் பார்த்தார். நான் பெயர் சொல்லாதவள், அவர் பெயருக்கு ஓம் போடாதவர். இன்னும் கால் மணித்தியாலம் போயிருந்தால் எங்கள் மரியாதையே அவரைக் கொன்றிருக்கும்.

ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்கு வந்து சேர்ந்தோம். ஓட்டோ மருதங்கேணியைத் தாண்டியது. அவர் ஓட்டோக்காரருக்குக் கேட்காதபடி குனிந்து, "இப்ப ஒருக்காச் சொல்லும் பாப்பம்," என்றார்.

வெட்கமாக இருந்தது. மெல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஓம். பிறகு கூப்பிட்ட ரெண்டும் நீர்தான்," என்றார். "முதல் கூப்பிட்டது உந்தக் குரல் இல்லை."

"எந்த முதல்?"

"ஏரிக்கரையிலை நிக்கேக்கை கூப்பிட்டது. ஆரெண்டு முகத்தைப் பாக்கத்தானே நான் மேட்டிலை ஏறினனான்."

சேற்றில் பக்கம் பக்கமாகப் பதிந்து நின்ற இரண்டு பாதங்களும் எனக்கு ஞாபகம் வந்தன. நான் தடம் பார்த்ததை அவருக்குச் சொல்லவில்லை. சீனி குறைந்தால் காதில் என்னவும் கேட்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். இருக்கலாம்.

இப்போது ஒவ்வொரு நாளும் காலமைத் தேத்தண்ணியோடு ஒருதரம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். மகள் போனில் அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். என்றைக்காவது அவர் திரும்பவும் கூப்பிடப்பட்டால், அது என் குரல் இல்லை என்று அவருக்குத் தெரியவேண்டும்.

அவரும் பேப்பரைக் கீழே வைக்கிறார். தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்த பிறகுதான் "ஓம்" என்கிறார்.