காணாமல் போன நூறில் ஒரு பங்கு

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'இழு டீச்சர்'. நாற்பத்தாறு வயதில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். அதுவரை கரும்பலகையில் ஒரே மூச்சில் வட்டம் போட்டு ஊரையே அசத்திய கை, மவுஸைத் தொட்டதும் கோணல்மாணலாகக் கோடு இழுத்தது. விடாக்கண்டர் ஆயிற்றே, ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து வசப்படுத்திவிட்டார். பிறகு திரையில் வரையும் முக்கோணம், சதுரம் எதில் சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "முனையைப் பிடிச்சு இழுத்துப் பாரு."

டீச்சர் பாடம் நடத்தும், பதினொரு கம்ப்யூட்டர் இருந்த அறையின் மேல் தலைமையாசிரியருக்கு ஒரு கண். மெஷின்களை ஆபீசுக்கு மாற்ற வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டுவிட்டார். வகுப்பைப் பார்த்து முடிவு சொல்ல அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அந்த அறை போனால் டீச்சருக்குப் பாதி உயிர் போன மாதிரி.

தையல்கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் காலையில் யோசனை சொன்னார். "திரையில காட்டுற மூணு கோணத்தையும் கூட்டினா சரியா நூத்தியெண்பது வர்ற முக்கோணமா ஒண்ணு முன்னாடியே பார்த்து வச்சிடேன்."

"அளவெடுக்காமலே சட்டை தைப்பீங்களா நீங்க?" என்றார் டீச்சர். மனுஷன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

அதிகாரி வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, தானே ஒரு முக்கோணம் வரைந்தார். திரையில் தெரிந்த மூன்று கோணங்களையும் தாளில் கூட்டினார். 47.38, 71.26, 61.35. முகம் சுருங்கியது.

"நூத்தி எழுபத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பதுதான் வருது. தப்புக் கணக்குப் போடுற மெஷினை வச்சா பாடம் நடத்துறீங்க?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். டீச்சருக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார்.

அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவி எழுந்தாள். "மெஷின் தப்பா போடல சார். இடம் இல்லாம வாலை நறுக்கிடுச்சு. இன்னொரு தசம இடம் வைக்கச் சொல்றேன், பாருங்க." இரண்டு முறை தட்டினாள். 47.384, 71.264, 61.352. "மூணு பேர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா பிடுங்கியிருக்கு. நாலு, நாலு, ரெண்டு. சேர்த்தா ஆயிரத்தில் பத்து, அதாவது நூறில் ஒரு பங்கு. அதுதான் சார் காணாம போனது."

அதிகாரி மறுபடி கூட்டினார். அச்சாக நூற்றியெண்பது.

"அப்போ எப்பவும் குறைச்சுத்தான் காட்டுமா?"

"சில சமயம் கூடவும் காட்டும் சார், வால் அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா நறுக்கிட்டு முன்னாடி எண்ணுல ஒண்ணைக் கூட்டிடும். ஆனா ரெண்டு தசமம் வச்சா, நூறில் ஒரு பங்குக்கு மேல வித்தியாசம் வரவே வராது."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?"

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது: "இழுத்துப் பாருங்க சார்!"

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அதிகாரி இழுத்தார், கூட்டினார், மறுபடி இழுத்தார். ஒரு தாள் நிறைந்து இன்னொன்று வாங்கினார். மணி அடித்தது. தலைமையாசிரியர் குனிந்து, "சார், அந்த ஆபீஸ் விஷயம்..." என்றார்.

"ஆபீசுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கங்க," என்றார் அதிகாரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."